பிள்ளைகளுக்கு இடமில்லாத சாப்பாட்டுக்கடை

1

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பனி எவ்வளவு கொட்டும், மூக்கு விறைக்குமா, சூரியன் வராத மாதங்களில் எப்படி எழும்புகிறீர்கள் என்று. விறைக்கும். எழும்புகிறோம். மீன் தொழிற்சாலையில் மணி அடித்தால் சூரியனைக் கேட்டுக்கொண்டா எழும்புவது? குளிர் பெரிய காரியமே இல்லை, இரண்டு காலுறை போட்டால் முடிந்தது. நான் எழுத வந்தது இரண்டு காலுறையால் தீராத ஒரு விசயத்தைப் பற்றி.

நோர்வேயின் வடக்கு முனையில், கடலோரத்தில் இருக்கிற சின்னப் பட்டினம் இது. ஒரு மீன் தொழிற்சாலை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், ஒரு சாப்பாட்டுக்கடை. எண்பத்தேழில் நாங்கள் வந்தபோது இங்கே தமிழ்க் குடும்பம் எங்களோடு சேர்த்து இரண்டுதான். இப்போது ஒரு பந்திக்கு ஆள் இருக்கிறோம். எல்லோரும் ஒரே தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறோம். வெள்ளிக்கிழமை மீன், மச்சம் தொடாத ஆட்கள் வெள்ளிக்கிழமையும் வெட்டுகிறோம்.

சாப்பாட்டுக்கடை ஆர்னே என்பவனுடையது. பிட்சா போடுவான், மீன் பொரிப்பான், உருளைக்கிழங்கு பொரிப்பான். துறைமுகத்தைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி யன்னல்கள். பனி கொட்டுகிற மாரி காலத்தில் வீட்டுக்கு வெளியே சூடாக உட்கார வேறு இடமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும்.

போன மாசி மாதம் அந்தக் கடைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினான். மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று. அதற்குக் காரணம் நான். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2

தை மாதம் என் மூத்தவள் வதனிக்கு ஒன்பது வயது முடிந்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் பிறந்தநாளுக்கு ஆர்னேயின் கடைக்குப் போகிறார்கள், நானும் போகவேண்டும் என்று ஒரு மாதமாக ஒரே ஆய்க்கினை. என் வீட்டுக்காரர் இவருக்கு அன்றைக்குப் பின்னேர வேலை. வதனியையும் இரண்டு வயதுக் கோகுலனையும் கூட்டிக்கொண்டு நான் போனேன்.

கோகுலன் பிட்சா தின்னமாட்டான். அவனுக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழைத்த சோறு ஒரு பெட்டியில் கொண்டு போனேன். அவனை இருத்தி வைத்துத் தீத்தினால் வாய் திறக்கமாட்டான். தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். காகம் காட்டவேண்டும், காகம் இல்லாவிட்டால் ஆளைக் காட்டவேண்டும். பிள்ளைக்குச் சோறு தீத்துவது எங்கள் பக்கத்தில் பாதி கைவேலை, பாதி கால்வேலை. நீங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தீர்கள், இல்லை என்று சொல்லாதீர்கள்.

வதனியின் பிட்சா வந்ததும் அவளைச் சாப்பிட விட்டு, நான் கோகுலனை இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பினேன். யன்னலோரத்தில் ஒரு மனிதர் தனியே இருந்து மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நெஞ்சு வரைக்கும் சிவப்புத் தாடி. பிள்ளைக்குச் சோறு தீத்துவதற்கு இதைவிட வாய்ப்பான ஆள் கிடைக்குமா?

"அங்க பார், தாடி மாமா," என்று விரலை நீட்டினேன். "நீ ஆக் காட்டாட்டி மாமா பிடிச்சுக்கொண்டு போயிடுவார். கெதியாக் காட்டு, ஆ."

கோகுலன் கண்ணை விரித்து வாயைத் திறந்தான். ஒரு பிடி போயிற்று. மறுபடி விரலை நீட்டினேன், இரண்டாம் பிடியும் போயிற்று. அந்த மனிதர் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார். முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். எங்கள் ஊர் ஆம்பிளையாக இருந்தால் அந்த இடத்தில் கண்ணை உருட்டி ஒரு உறுமல் உறுமியிருப்பார், மூன்றாம் பிடியும் போயிருக்கும். இவர் கையை உயர்த்தி ஆர்னேயைக் கூப்பிட்டார்.

அப்போது எனக்குத் தெரிந்த நோர்வே மொழி மீன்களின் பெயரும், கத்தி கவனம் என்பதும், நன்றியும்தான். ஆர்னே என்னோடு கதைத்துப் பார்த்துவிட்டு, மேசைக்குப் போய் வதனிக்கு முன்னால் குனிந்து நின்று ஏதோ சொன்னான். அவளுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"என்னவாம் பிள்ளை?"

"அம்மா, வாங்கோ போவம்."

"என்னவாம் எண்டு கேட்டனான்."

"தம்பியைக் கொண்டு வெளியில போகட்டாம். இது கடையாம், பிள்ளை வளர்க்கிற இடம் இல்லையாம்."

பாதிப் பிட்சாவை ஒரு மட்டைப் பெட்டியில் போட்டுத் தந்தான். பனிக்குள்ளால் வீட்டுக்கு நடந்தோம். வதனி எனக்கு முன்னால் போனாள், நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிட்சாவை இவர் வேலை முடிந்து வந்து தின்றார்.

3

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் நான் மடத்துவெளி. இவர் கடலுக்கு அந்தப் பக்கம் நயினாதீவு. கலியாணம் முடித்த பிறகு மாதத்தில் இரண்டு மூன்று தரமாவது குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்குக் காத்து நிற்கிற வேலை எனக்கு இருந்தது. துறையடியில் கந்தையா அண்ணையின் சாப்பாட்டுக்கடை. கிடுகுக் கூரை, இரண்டு மேசை, நாலு வாங்கு. கூரை வளையில் எந்த நேரமும் ஒரு ஏணை தொங்கும். பழைய சேலையில் கட்டின ஏணை. கைப்பிள்ளையோடு வருகிற பெண்கள் பிள்ளையை அதற்குள் போட்டுவிட்டு இருந்து சாப்பிடலாம். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஏணையை ஆட்டவேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். அரசாங்கக் கச்சேரியில் வேலைபார்க்கிற பெரிய மனிதர் ஒருவர் ஒரு கையில் பேப்பரும் மறுகையில் ஏணைக் கயிறுமாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

உடனே கந்தையா அண்ணையைத் தெய்வம் ஆக்கிவிடாதீர்கள். வாயைத் திறந்தால் ஏச்சுத்தான். ஒருநாள் ஏணைக்குள் கிடந்தது வதனி. வீரிட்டுக் கத்துகிறாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

"கந்தையாண்ணை, இதென்ன கடையோ, ஆசுப்பத்திரியோ?"

"பிள்ளை அழுதா தாய் எழும்பிப் போயிடுவா," என்றார் கந்தையா அண்ணை, இடியப்பத் தட்டைக் கழற்றிக்கொண்டே. "தாய் எழும்பினா ரெண்டாந்தரம் இடியப்பம் ஆர் கேக்கிறது? நீர் கேப்பீரோ? நீர் ஒரு வெறுந்தேத்தண்ணியோட காலமை முழுக்க வாங்கைத் தேய்க்கிறீர். ஆட்டும் ஐசே, ஏணையை."

அவர் ஆட்டினார். நான் இரண்டாந்தரம் இடியப்பம் கேட்டேன்.

வள்ளம் எப்ப வரும், வருமா வராதா என்றே தெரியாமல் இருந்த காலம் அது. கடலில் கடற்படைப் படகு தெரிந்தால் துறை முழுக்க வாய் மூடிவிடும். அந்த நேரத்திலும் நான் வதனிக்குச் சோறு தீத்த ஒரு ஆளைக் காட்டுவேன். அந்த மனிதர் பயத்தில் வெளிறிப்போய் இருப்பார். என்றாலும் பிள்ளைக்காக மீசையை முறுக்கிக் காட்டிவிட்டுத்தான் மறுபடி கடலைப் பார்ப்பார். பிள்ளை சாப்பிடுவது அங்கே எல்லோருடைய வேலையாகவும் இருந்தது.

இப்போது அந்தக் கடை இல்லை. தீவுப்பகுதிச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கிடக்கிறது. என் அம்மாவும் அங்கேதான். அதை நினைத்தால் இந்தக் கடைச் சண்டை ஒரு சண்டையா என்று எனக்கே தோன்றும். தோன்றினாலும் விடமாட்டேன். அங்கே ஊரை விட்டே எழும்பச் சொன்னார்கள், எழும்பினோம். இங்கே ஒரு கதிரையை விட்டு எழும்பச் சொன்னால் எத்தனை தரம்தான் எழும்புவது?

4

அறிவிப்பு ஒட்டின பிறகு நோர்வேப் பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிட்சா இல்லாமல் போயிற்று. அவர்கள் பள்ளிக்கூடத்தில் வதனியைப் பிடித்துக்கொண்டார்கள். உன்னுடைய அம்மாவால்தான் எங்களுக்குக் கடை இல்லை என்று சொன்னார்களாம். ஒரு பிள்ளை தன் பிறந்தநாளுக்கு வீட்டில் விருந்து வைத்து, வகுப்பு முழுவதையும் கூப்பிட்டு, இவளை மட்டும் விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு வதனி என்னோடு வெளியில் நடப்பதை நிறுத்தினாள். நான் தமிழில் கேட்டால் நோர்வே மொழியில் பதில். கடைக்குப் போனால் என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "அம்மா, இஞ்ச தமிழில கதைக்காதேங்கோ. எல்லாரும் பாக்கினம்." பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. நான் நல்ல சேலை ஒன்றை எடுத்து மடிப்புக் குலையாமல் கட்டிலில் வைத்திருந்தேன். அவள் வந்து பார்த்தாள்.

"நீங்கள் வரத் தேவையில்லை அம்மா. அப்பா வந்தாக் காணும்."

குசினிக்குள் போய் நின்று அழுதேன். பெற்ற பிள்ளை என்னைக் கண்டு கூசுகிறாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வருசத்தில் அவள் ஒரு பாசையிலும் நான் ஒரு பாசையிலும் ஒரே வீட்டுக்குள் இருப்போம். அழுது முடியக் கோபம் வந்தது. அந்தக் கோபம் வந்ததுதான் நல்லதாகப் போயிற்று.

நகரசபைக்குப் போனேன். அவர்கள் தொலைபேசியில் மொழிபெயர்க்க ஒரு பையனைப் பிடித்துத் தந்தார்கள். ஒஸ்லோவில் இருக்கிறானாம், கதையைக் கேட்டால் மானிப்பாய்ப் பக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நல்ல மனுசி, பொறுமையாகச் சொன்னாள். கடை தனியாருடையது. யாரை உள்ளே விடுவது என்பது முதலாளியின் விருப்பம். பிள்ளைகளை விடவேண்டும் என்று கட்டாயப்படுத்தத் தன்னிடம் சட்டம் இல்லை. குசினிக்குள் எலி இருந்தால்தான் நகரசபை கடைக்குள் போகலாம்.

"எலிக்குச் சட்டம் இருக்கு, பிள்ளைக்குச் சட்டம் இல்லையோ எண்டு கேளும் தம்பி," என்றேன் தொலைபேசிக்குள்.

"அதை அப்பிடியே சொல்லவோ அக்கா?"

"அப்பிடியே சொல்லும்."

அவன் சொன்னான். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள். கோப்பி நன்றாக இருந்தது, அறிவிப்பு கதவிலேயே இருந்தது.

5

எனக்கு எதிராகக் கதைத்தவர்களில் நியாயமாகக் கதைத்தவள் இங்கர். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டுகிறவள், மூன்று பிள்ளை பெற்றவள். தேத்தண்ணி நேரத்தில், பாசை தெரிந்த ஒரு தமிழ்ப் பிள்ளையை இடையில் வைத்து, மெல்ல மெல்லச் சொல்லி எனக்கு விளங்கவைத்தாள். வீட்டில் பிள்ளைச் சத்தம், இங்கே இயந்திரச் சத்தம். கிழமையில் ஒருநாள் ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் கத்தாத இடத்தில் இருந்து சாப்பிட எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டாள். முன்பின் தெரியாத மனிதருக்கு நேரே விரல் நீட்டுவது இங்கே மரியாதை இல்லை என்றும் சொன்னாள். இரண்டையும் ஒப்புக்கொண்டேன். விரலை அன்றோடு மடக்கிவிட்டேன்.

ஆனால் இங்கருக்கு நான் சொன்னதும் சரிதான். அமைதி வேண்டுமென்றால் ஒரு மூலை மேசையை ஒதுக்கட்டும், ஒரு நேரத்தை ஒதுக்கட்டும். பத்துக் கடை இருக்கிற நகரத்தில் ஒரு கடை பிள்ளைகளை வேண்டாம் என்றால் நான் வாயே திறக்கமாட்டேன். இருப்பது ஒரு கடை. அந்தக் கதவு பூட்டினால் பிள்ளைக்காரிக்கு ஊரே பூட்டின மாதிரி. பிறகு அவள் மாரி முழுக்க வீட்டுச் சுவரைத்தான் பார்க்கவேண்டும்.

வீட்டில் இவர் வேறு.

"இஞ்சேருமப்பா, கடை அவன்ர. ஆரை விடுறது, ஆரை விடாமல் விடுறது எண்டு அவன்தானே சொல்லோணும். வந்த இடத்தில ஏன் வீண் கொழுவல்?"

"உந்தக் கதையை நான் முந்தியும் கேட்டிருக்கிறன்," என்றேன்.

"எங்க கேட்டனீர்?"

"எங்கட ஊரில."

அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், பிடிக்காவிட்டால் பிடிக்காமல் போகட்டும். ஏணை தொங்கிய அதே துறையடிக் கடையில், கந்தையா அண்ணையின் தகப்பன் காலத்தில், சில ஆட்கள் உள்ளே வர ஏலாது. நான் சின்னப் பிள்ளையாக அப்பாவோடு உள்ளே வாங்கில் இருந்து கிளாசில் தேத்தண்ணி குடிக்கிறேன். வெளியில் வெயிலுக்குள் ஒரு மனிதர், தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு, தகரப் பேணியில் தேத்தண்ணி வாங்கி ஊதி ஊதிப் பிள்ளைக்குப் பருக்குகிறார். அந்தப் பிள்ளைக்கு என்னுடைய வயதுதான் இருக்கும். அவர்கள் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். "கடை அவற்ற, அவர் விடமாட்டார்," என்றார் அப்பா.

அந்தக் கதவு யாருடைய நல்ல மனத்தாலும் திறக்கவில்லை. ஆட்கள் அடிபட்டார்கள், பொலிஸ் மறியலுக்குள் கிடந்தார்கள், சட்டம் வந்தது, அதற்குப் பிறகும் அடிபட்டார்கள். அப்படித்தான் திறந்தது. திறந்த பிறகு கந்தையா அண்ணையின் கடை ஒன்றும் இடிந்து விழவில்லை, இடியப்பம்தான் கூட விற்றது. சாதியும் பிள்ளைப்பருவமும் ஒன்றல்ல என்பது எனக்கும் தெரியும். பிள்ளை வளர்ந்துவிடும். ஆனால் 'கடை என்னுடையது' என்ற சொல்லுக்கு முன்னால் எல்லோரும் பேசாமல் எழும்பவேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தத் தகரப் பேணியைக் கண்டவள் நான், என்னிடம் அது எடுபடாது. காசு வாங்கிச் சோறு போடுகிறவன் பசித்து வருகிறவனுக்குக் கதவைத் திறக்கத்தான் வேண்டும். பசிக்கு வயதெல்லை கிடையாது. விருப்பம் இல்லாதவனைச் சட்டம் கட்டாயப்படுத்தட்டும்.

இவர் எழும்பி வேலைச் சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கினார். "நீர் போறதெண்டாப் போம். நான் வரேல்லை. நாளைக்கு அவன்ர முகத்தில முழிக்கோணும்," என்றார்.

6

போன ஞாயிற்றுக்கிழமை கோகுலனுக்குக் கம்பளிச் சட்டை மாட்டினேன். வதனி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறியள்?"

"ஆர்னேயின்ர கடைக்கு. உனக்கு விருப்பம் இல்லாட்டி வரவேண்டாம்."

"உங்களை விடமாட்டினம் அம்மா."

"விடாட்டி இருப்பன்."

"உங்களுக்கு அவையோட கதைக்கவும் தெரியாது."

"கதைக்காமல் இருப்பன். இருக்கிறதுக்குப் பாசை வேணுமே?"

நாங்கள் படி இறங்கின பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சப்பாத்து நாடாவைக்கூடக் கட்டாமல் பின்னால் வந்தாள். வழி முழுக்க எங்களுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு வீட்டுத்தூரம் இருந்தது.

கடை நிறைய ஆட்கள். நடுவில் இருந்த மேசையில் போய் இருந்தேன். கோகுலனை மடியில் வைத்தேன். வதனி எனக்கு முன்னால், தலையைக் குனிந்தபடி. இங்கர் ஒரு மூலையில் தனியாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு தன் கோப்பையைப் பார்த்தாள்.

ஆர்னே வந்தான். என்னைப் பார்க்கவில்லை. தை மாதம் செய்தது போலவே வதனிக்கு முன்னால் குனிந்து, மெல்லிய குரலில், கதவைக் காட்டி ஏதோ சொன்னான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆர்னேயைப் பற்றி ஒரு பயமும் இல்லை. அவன் பொலிசைக் கூப்பிட்டாலும் இருந்திருப்பேன். நான் பயந்தது என் பிள்ளையின் வாய்க்குத்தான். 'வாங்கோ போவம்' என்று இன்னொரு தரம் சொன்னாளென்றால் நான் எழும்பியிருப்பேன். எழும்பியிருந்தால் இந்தக் கடையை மட்டுமல்ல, இவளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

வதனி மேசை விரிப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அவனுக்கு ஏதோ சொன்னாள். கத்தவில்லை, வகுப்பில் ஆசிரியருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். ஆர்னே நிமிர்ந்தான். என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். என்ன பாசையில் சொல்வது என்று தெரியாமல் மூடினான். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவன் குசினிப் பக்கம் போய்விட்டான்.

"என்னவாம்?" என்றேன்.

"பன்னிரண்டு வயசுக்குக் குறைஞ்ச ஆக்கள் இஞ்ச இருக்கேலாது எண்டு உங்களுக்குச் சொல்லட்டாம்."

"நீ என்ன சொன்னனி?"

"எனக்கு ஒன்பது வயசு எண்டு சொன்னனான். நான் இஞ்ச இருக்கேலாதெண்டா என்னெண்டு உங்களுக்குச் சொல்லுறது எண்டு கேட்டனான்." மெனுவை இழுத்துத் தன் பக்கம் விரித்தாள். "ஆரும் பெரிய ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து அம்மாவோட கதையுங்கோ, நாங்கள் சாப்பிடப் போறம் எண்டு சொன்னனான்."

விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போனாள்.

"தம்பிக்கு உருளைக்கிழங்கு எடுப்பமோ அம்மா?" என்று கேட்டாள், யன்னலோர மேசைவரைக்கும் கேட்கும்படி, தமிழில்.